மோதிரக் கதை: படத்தில் தொடங்குவதா, புத்தகத்தில் தொடங்குவதா?

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதை நடக்கிற மிடில் எர்த் என்கிற கற்பனை உலகத்துக்குள் நான் நுழைந்தது படங்கள் வழியாகத்தான். மூன்று இரவுகளில் மூன்று படங்களையும் பார்த்து முடித்துவிட்டு, நாலாம் நாள் புத்தகத்தைத் தேடிப் போனேன். அப்புறம் படங்களின் நீண்ட பதிப்பு, முந்தைய கதையான ‘தி ஹாபிட்’, பின்னிணைப்புகள், ஒலிப்புத்தகம் என்று வருஷக்கணக்கில் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன். புதிதாக வர நினைக்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். படம் முதலிலா, புத்தகம் முதலிலா? படம் முதலில் என்பேன், ஆனால் படத்தோடு நின்றுவிட்டால் பாதிக் கதைகூட கைக்கு வராது என்பதையும் கூடவே சொல்ல வேண்டியிருக்கிறது. அதை விவரமாகச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கதையின் முடிவு முன்கூட்டியே தெரிய வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், கடைசிப் பக்கம் வரைக்கும் பேசப்போகிறேன்.

முதலில் புத்தகம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சௌரோன் என்கிற தீய அதிபதி செய்த மோதிரத்தை அழிக்க, ஹாபிட் என்கிற குட்டை இனத்தைச் சேர்ந்த ஃப்ரோடோ போகிற பயணம்தான் கதை. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய ஜே. ஆர். ஆர். டோல்கீன், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில மொழிக்குப் பேராசிரியராக இருந்தவர். முதல் பாகம் 1954 ஜூலையிலும் இரண்டாவது அதே ஆண்டு நவம்பரிலும் மூன்றாவது 1955 அக்டோபரிலும் வந்தன. மூன்று பாகம் என்பது பதிப்பாளரின் வசதிக்காக, போருக்குப் பிந்தைய காகித விலையை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு. எழுதியவருக்கு அது ஒரே நாவல், உள்ளுக்குள் ஆறு காண்டங்கள். இந்த ஆறு காண்டக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

படங்களைப் பற்றி. பீட்டர் ஜாக்சன் மூன்றையும் நியூசிலாந்தில் ஒரே மூச்சில், 1999 அக்டோபரிலிருந்து 2000 டிசம்பர் வரை படமாக்கினார். 2001, 2002, 2003 என்று வருஷத்துக்கு ஒன்றாக டிசம்பரில் வந்தன. மூன்றாவது படம் 11 ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டு பதினொன்றையும் அள்ளிக்கொண்டு போனது. இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் பிரமிப்பு வேறு இடத்தில். ஃப்ரோடோவுக்கு முன் மோதிரத்தை வைத்திருந்த ஹாபிட் பில்போவின் வீட்டில் கேண்டால்ஃப் என்கிற மந்திரவாதி வந்து உட்கார்ந்து பேசுகிற காட்சி இருக்கிறதே, அதற்காக அந்த வீட்டையே இரண்டு அளவில் கட்டினார்கள், ஹாபிட் நடிகர்களுக்குப் பெரியதாக ஒன்று, கேண்டால்ஃபுக்குச் சின்னதாக ஒன்று. சில காட்சிகளில் ஒரே மேசையை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கேமராவுக்குப் பக்கத்திலும் மறுபாதியைத் தள்ளியும் வைத்திருக்கிறார்கள். கேமரா நகரும்போது மேசையும் சேர்ந்து நகரும். திரையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து தேநீர் குடிக்கிற மாதிரி இருக்கும், உண்மையில் ஒருவர் இன்னொருவருக்குப் பல அடி பின்னால். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தேன், அப்போதும் என் கண் ஏமாந்துதான் போனது. கவசச் சட்டைகளுக்கு ஆயிரக்கணக்கான பிளாஸ்டிக் வளையங்களைக் கையால் கோத்தது, மினாஸ் டிரித் நகரத்தை அறை கொள்ளாத அளவுக்கு மாதிரி வடிவமாகச் செய்தது என்று ஒவ்வொன்றிலும் கைவேலை தெரிகிறது. அதனால்தான் இருபது வருஷம் தாண்டியும் படங்கள் பழசாகவில்லை.

படத்தை முதலில் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு முக்கியக் காரணம் உண்டு. படங்களின் காட்சி வடிவமைப்பில் ஆலன் லீ, ஜான் ஹோ என்று இரண்டு ஓவியர்கள் வேலை செய்தார்கள். இருவருமே பல வருஷமாக டோல்கீனின் புத்தகங்களுக்கு ஓவியம் வரைந்துகொண்டிருந்தவர்கள். ஆக, படத்தில் நாம் பார்க்கிற ரிவெண்டெல் பள்ளத்தாக்கும் மோரியா சுரங்கமும் புத்தகத்தின் பக்கங்களிலிருந்து எழுந்து வந்தவைதான். படம் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் மனதில் இருக்கிற உருவமும் எழுத்தும் மோதிக்கொள்வதில்லை. புத்தகத்தில் பெயர்களும் ஊர்களும் மலைகளும் ஆறுகளும் மழை மாதிரிக் கொட்டும். யார் யாருடைய மகன், எந்த ஆறு எங்கே ஓடுகிறது என்று ஒரு முகமோ இடமோ மனதில் இல்லாமல் அதற்குள் போகிறவர்களில் நிறையப் பேர் நூறு பக்கத்துக்குள் மூடிவைத்துவிடுகிறார்கள். அப்புறம் ஹோவர்ட் ஷோரின் இசை. ரோஹன் நாட்டுக்கு ஒரு நார்வே நாட்டு வயலினை வைத்திருக்கிறார். புத்தகத்தில் ‘ரோஹன்’ என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் அந்த வயலின் எனக்குள் தானாக ஒலிக்க ஆரம்பித்துவிடும்.

சரி, எந்தப் பதிப்பைப் பார்ப்பது? திரையரங்கில் வந்தவை மூன்றும் சேர்ந்து 9 மணி நேரத்துக்கு மேல். நீண்ட பதிப்புகள் 11 மணி நேரத்தையும் தாண்டும். முதல் தடவை திரையரங்கப் பதிப்பையே பாருங்கள், ஓட்டம் அதில்தான் சரியாக இருக்கிறது. நீண்ட பதிப்பைப் புத்தகம் முடித்த பிறகு வைத்துக்கொண்டால் கூடுதலாக வரும் ஒவ்வொரு காட்சியும் ஏன் வந்திருக்கிறது என்று புரியும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், எனக்கு இந்த உலகத்தின் ஆழம் எவ்வளவு என்று காட்டிக்கொடுத்த இடம் அது. எல்ஃப் என்கிற சாவில்லாத இனத்தவர் வாழும் லோத்லோரியன் காட்டை விட்டு ஃப்ரோடோவும் கூட வந்தவர்களும் கிளம்பும்போது, அந்தக் காட்டின் தலைவி கேலாட்ரியல் எல்லோருக்கும் பரிசு தருகிறாள். என்ன வேண்டும் என்று டுவார்ஃபான, அதாவது சுரங்கம் தோண்டுகிற குள்ள இனத்தவனான கிம்லியிடம் கேட்கிறாள். எதுவும் வேண்டாம் என்கிறான். வற்புறுத்திக் கேட்டதும் தயங்கித் தயங்கி, உங்கள் தலைமுடியில் ஒரே ஒரு இழை என்கிறான். மூன்று இழை தருகிறாள். திரையரங்கில் வந்த படத்தில் இது கிடையாது. நீண்ட பதிப்பில், படகில் போகும்போது கிம்லி தன் எல்ஃப் நண்பன் லெகோலாஸிடம் சொல்கிற இரண்டு வரியாக வருகிறது. புத்தகத்தில் முழுக் காட்சியாக இருக்கிறது, சுற்றி நிற்கிற எல்ஃபுகள் ஆச்சரியத்தில் முணுமுணுக்கிறார்கள். நல்ல காட்சி என்று நினைத்துக் கடந்துவிட்டேன். பல வருஷம் கழித்து, டோல்கீன் இறந்த பிறகு அவர் மகன் கிறிஸ்டோபர் தொகுத்து 1980-இல் வெளியிட்ட ‘அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்’ படிக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் ஃபேனோர் என்கிற எல்ஃப், அவர்கள் இனத்திலேயே பெரிய கைவினைஞன், இதே கேலாட்ரியலிடம் ஒரு முடி கேட்டிருக்கிறான். மூன்று தடவை கேட்டும் ஒரு இழைகூடத் தரவில்லை. அதைப் படித்ததும் எழுந்து போய் பழைய புத்தகத்தை எடுத்து அந்தப் பரிசுக் காட்சியைத் திரும்பப் படித்தேன். மூன்று தடவை கேட்டவனுக்கு ஒன்றுகூட இல்லை, ஒன்று கேட்டவனுக்கு மூன்று. காட்சியில் ஒரு எழுத்து மாறவில்லை, ஆனால் எனக்கு அது முன்பு படித்த காட்சியாக இல்லை.

இதனால்தான் படத்தில் கிம்லியை நடத்திய விதம் எனக்கு வருத்தம். இரண்டாவது படத்திலிருந்து அவனைக் கீழே விழுந்து, ஏப்பம் விட்டு, சிரிப்பு மூட்டுகிற ஆளாக ஆக்கிவிட்டார்கள். புத்தகத்துக் கிம்லி கவிதை பேசுகிறவன், குகைகளின் அழகைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மேல் பேசி லெகோலாஸை மனம் மாற வைக்கிறவன்.

புத்தகத்துக்கு வந்தால், முதலில் உங்களைச் சோதிப்பது காலம். படத்தில் பில்போ பிறந்தநாள் கொண்டாடிவிட்டு ஊரை விட்டுப் போகிறார், கேண்டால்ஃப் எங்கேயோ போய் ஏடுகளைப் புரட்டிவிட்டு ஓடி வருகிறார், ஃப்ரோடோ கிளம்பிவிடுகிறான். புத்தகத்தில் இதற்கு நடுவே 17 வருஷம். பில்போவுக்கு 111 வயது ஆகிற அதே நாளில் ஃப்ரோடோவுக்கு 33. அவன் மோதிரத்தோடு கிளம்பும்போது வயது 50. அந்தப் பதினேழு வருஷமும் மோதிரம் அவன் வீட்டில்தான் இருக்கிறது. கிளம்பிய பிறகும் கதை அவசரப்படுவதில்லை. நடக்கிறார்கள், பாடுகிறார்கள், காளான் சாப்பிடுகிறார்கள், வழி தவறுகிறார்கள், டாம் பாம்படில் என்கிற விசித்திரமான காட்டுவாசியின் வீட்டில் தங்குகிறார்கள். படத்தில் டாம் பாம்படில் அடியோடு இல்லை. இந்த இடத்தில்தான் பலரும் பொறுமை இழக்கிறார்கள். நானும் முதல் தடவை பாட்டுகளைத் தாவித் தாவித்தான் போனேன். இரண்டாவது தடவை தாவாமல் படித்தபோதுதான் புரிந்தது, ஹாபிட்களின் ஊரான ஷயரின் வேலிகளையும் ஒற்றையடிப் பாதைகளையும் அவர் இவ்வளவு மெதுவாகக் காட்டுவது கடைசியில் அதை நாம் இழப்பதற்காக.

ஆமாம், இழப்பதற்காக. படத்தில் நான்கு ஹாபிட்களும் ஊர் திரும்பும்போது ஊர் அப்படியே இருக்கிறது, மதுக்கடையில் உட்கார்ந்து அமைதியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தக் காட்சி அழகுதான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் புத்தகத்தில் அவர்கள் திரும்பி வருவது நாசமாகிப்போன ஊருக்கு. மரங்களை வெட்டித் தள்ளியிருக்கிறார்கள், அசிங்கமான கட்டடங்கள், எதற்கெடுத்தாலும் தடை, ஊருக்குள் அடியாட்கள், இதற்கெல்லாம் பின்னால் தோற்றுப்போய் வந்து ஒளிந்துகொண்ட கெட்ட மந்திரவாதி சாருமான். அவ்வளவு பெரிய போரை முடித்துவிட்டு வந்தவர்கள் சொந்த ஊருக்காக இன்னொரு சண்டை போட வேண்டியிருக்கிறது. டோல்கீன் 1916-இல், முதல் உலகப் போரின்போது, சோம் போர்க்களத்தில் இருந்தவர். 1918-க்குள் தன் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் எழுதுகிறார். சிறுவயதில் வாழ்ந்த நாட்டுப்புறம் தனக்குப் பத்து வயது ஆவதற்கு முன்பே அழிந்துகொண்டிருந்ததையும் அங்கேயே சொல்கிறார். அந்த முன்னுரையைத் தவறாமல் படியுங்கள்.

இப்போது ஆறு காண்டக் கணக்கு. படத்தில் ஃப்ரோடோவின் கதையும், பின்னால் அரசனாகப் போகிற அரகோர்னின் கதையும் மாற்றி மாற்றி வரும். புத்தகத்தில் அப்படி இல்லை. நாலாம் காண்டம் முழுக்க ஃப்ரோடோ, அவன் தோழன் சாம், முன்பு மோதிரத்தை வைத்திருந்து இழந்த கோல்லம் ஆகியோரின் கதைதான். அதன் கடைசியில் ஃப்ரோடோ சௌரோனின் படையாட்களான ஓர்க்குகளிடம் சிக்கிக்கொள்கிறான், சாம் பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கிறான். அதோடு அவர்களை விட்டுவிட்டு ஐந்தாம் காண்டம் தொடங்குகிறது. பத்து அத்தியாயம். ஃப்ரோடோ உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று ஒரு வார்த்தை கிடையாது. மினாஸ் டிரித் முற்றுகை, ரோஹன் குதிரைப்படையின் வருகை, ஈயோவின் என்கிற ரோஹன் நாட்டுப் பெண் எதிரி முன் நிற்கிற நிற்பு எல்லாம் நடந்து முடிந்து, மிச்சம் இருக்கிற சின்னப் படை சௌரோனின் நாடான மோர்டோரின் கறுப்பு வாசலுக்குப் போய் நிற்கிறது. உள்ளேயிருந்து சௌரோனின் தூதன் வருகிறான். ஒரு துணிமூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறான். சாம் வைத்திருந்த குட்டை வாள். எல்ஃபுகள் கொடுத்த சாம்பல் நிற மேலங்கி. கடைசியாக ஃப்ரோடோ உள்ளே போட்டிருந்த மித்ரில் என்கிற வெள்ளி மாதிரியான உலோகக் கவசச் சட்டை.

ஃப்ரோடோ சிக்கிய பிறகு என்ன ஆனது என்பது கேண்டால்ஃபுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. படத்தின் நீண்ட பதிப்பிலும் இந்தத் தூதன் வருகிறான், சட்டையைத் தூக்கி எறிகிறான், ஆனால் அதற்கு முன்பே சாம் ஃப்ரோடோவைக் காப்பாற்றி அழைத்துப் போவதை நாம் பார்த்துவிட்டோம். மற்றவர்கள் கலங்குகிறார்கள், நாம் கலங்கக் காரணம் இல்லை. நான் படத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தவன், முடிவு நன்றாகவே தெரியும். அப்படியும் புத்தகத்தில் அந்த மூட்டை பிரிகிற பக்கத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது, ஏனென்றால் நூற்றுக்கணக்கான பக்கமாக அந்த இரண்டு பேரின் பெயரைக்கூட ஒழுங்காகக் கேட்காமல் நானும் மற்றவர்களோடு சேர்ந்து காத்திருந்தேன். படத்தால் இதைச் செய்ய முடியாது. பார்வையாளரை அவ்வளவு நேரம் கதாநாயகன் இல்லாமல் உட்கார வைக்க முடியாது.

வழியில் ஃப்ரோடோவைச் சந்திக்கிற படைத்தலைவன் ஃபராமிர் விஷயத்திலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. புத்தகத்து ஃபராமிர், மோதிரம் நடுரோட்டில் கிடந்தாலும் எடுக்க மாட்டேன் என்று சொல்லி, சொன்னபடியே நடக்கிறவன். படத்தில் ஃப்ரோடோவைப் பிடித்து ஆஸ்கிலியாத் நகரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறான். எல்லோரையும் மயக்குகிற மோதிரம் இவனை மட்டும் தொடாவிட்டால் அதன் பயம் குறைந்துவிடும் என்று படம் எடுத்தவர்கள் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அண்ணன் போரோமிர் மோதிரத்துக்கு ஆசைப்பட்டு வழுக்கிய இடத்தில் தம்பி நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கிற நிம்மதி புத்தகத்தில்தான் கிடைக்கிறது.

அப்புறம் எழுத்துகள். மோதிரத்தில் நெருப்பாக ஒளிர்கிறதே, அந்த வளைந்த எழுத்துக்கு டெங்வார் என்று பெயர். படத்தில் அது ஒரு அலங்காரமாகத் தெரியும். புத்தகத்தின் பின்னிணைப்பில் அதன் அட்டவணையே இருக்கிறது, 24 அடிப்படை எழுத்துகள், நான்கு வரிசை, ஆறு படி. தமிழ் படித்தவர்கள் அதைப் பார்த்தால் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். ஒலி வாயில் எந்த இடத்தில் பிறக்கிறது என்பதை வைத்து வரிசை, வல்லினம் மெல்லினம் மாதிரி எப்படிப் பிறக்கிறது என்பதை வைத்துப் படி. ‘பம்பரம்’ என்று சொல்லும்போது முதல் ‘ப’ ஒரு மாதிரியும் இரண்டாவது ‘ப’ வேறு மாதிரியும் ஒலிக்கிறது இல்லையா, அந்த வித்தியாசத்துக்கு டெங்வாரில் எழுத்தின் வளைவை இரண்டாக்கினால் போதும். உயிரொலிகள் மெய்யெழுத்தின் தலைமேல் குறியாக ஏறிக்கொள்ளும். ஒரு வார இறுதி முழுக்க உட்கார்ந்து என் பெயரை அதில் எழுதிப் பழகினேன். புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தில் கீழே இருக்கிற வரிகளை, அதுவரை வெறும் கோலம் என்று நினைத்திருந்ததை, எழுத்துக்கூட்டிப் படித்த அந்த மணி நேரம் இன்னும் மறக்கவில்லை.

‘தி ஹாபிட்’டைப் பொறுத்தவரை நான் சொல்வது தலைகீழ், அங்கே புத்தகம்தான் முதலில். 1937-இல் வந்த சின்னப் புத்தகம், குழந்தைகளுக்குச் சொல்கிற குரலில் இருக்கும். அதை 2012, 2013, 2014 என்று மூன்று படமாக இழுத்திருக்கிறார்கள், எனக்கு அது அலுப்பாக இருந்தது. பில்போவும் கோல்லமும் போடுகிற விடுகதைப் போட்டிக் காட்சி மட்டும் பிரமாதம். அந்தக் காட்சிக்குப் பின்னால் ஒரு நல்ல கதை உண்டு. முதல் பதிப்பில் கோல்லம் மோதிரத்தைப் பந்தயப் பொருளாகத் தானே வைக்கிறான், தோற்றதும் கொடுக்க முடியவில்லையே என்று மன்னிப்புக் கேட்கிறான். பிறகு பெரிய நாவல் எழுதும்போது மோதிரத்தின் குணம் மாறிவிட்டதால் அந்த அத்தியாயத்தையே திருத்தி எழுதினார், 1951 பதிப்பில் அது வந்தது. பழைய கதை என்ன ஆனது? மோதிரத்துக்கு உரிமை கொண்டாட பில்போ சொன்ன பொய் அது என்று புதிய நாவலுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்! கதாசிரியர் பண்ணிய மாற்றத்தை கதாபாத்திரத்தின் பலவீனமாக மாற்றிய அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

வாங்கும்போது கவனிக்க ஒன்று. நான் முதலில் வாங்கிய ஒற்றைத் தொகுதியில் வரைபடத்தைப் பக்க அளவுக்குச் சுருக்கி, பாதியை நடுமடிப்புக்குள் விட்டிருந்தார்கள். ஆற்றுப் பெயர் ஒன்றும் படிக்க முடியாது. இந்தக் கதையை வரைபடம் இல்லாமல் படிப்பது கஷ்டம், ஏனென்றால் டோல்கீன் வரைபடத்தை முன்னால் வைத்துக்கொண்டு, யார் ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடக்க முடியும், அன்றைக்கு வானத்தில் நிலா எப்படி இருக்கும் என்பதுவரை கணக்குப் போட்டு எழுதியவர். பின்னிணைப்புகள் முழுசாக இருக்கின்றனவா, வரைபடம் தெளிவாக விரிகிறதா என்று திறந்து பார்த்து வாங்குங்கள். பணம் ஒரு பொருட்டில்லை என்றால் 1991-இல் ஆலன் லீயின் 50 ஓவியங்களோடு வந்த பதிப்பின் மறுபதிப்பைத் தேடலாம், நீர்வண்ணத்தில் பனிமூட்டம் அப்படியே எழும்பி நிற்கும். கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு ஒலிப்புத்தகங்கள், ராப் இங்கிலிஸ் படித்த பழையது, படத்தில் கோல்லமாக நடித்த ஆண்டி செர்கிஸ் 2021-இல் படித்தது. பாட்டுகளுக்காக நான் இங்கிலிஸ் பக்கம், அவர் உண்மையாகவே உட்கார்ந்து பாடுகிறார். இந்த உலகத்தின் பழங்கதைகளைச் சொல்கிற ‘சில்மரிலியன்’ புத்தகத்தை எல்லாவற்றுக்கும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், முதலில் எடுத்தால் ஓடிவிடுவீர்கள்.

பின்னிணைப்புகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். கதை முடிந்துவிட்டது என்று நினைத்து நானே பல மாதம் அந்தப் பக்கங்களைத் திறக்கவில்லை. பார்ப்பதற்கு வெறும் ஆண்டுக் குறிப்புகள், யார் எப்போது பிறந்தார், எப்போது இறந்தார் என்று. அதன் கடைசிக் குறிப்பு ஷயர் கணக்குப்படி 1541-ஆம் ஆண்டு. அரகோர்ன் இறந்த பிறகு லெகோலாஸ் சாம்பல் நிறக் கப்பல் ஒன்றைக் கட்டி, ஆற்றில் இறங்கி, கடல் தாண்டிப் போகிறான். எல்ஃபுகளுக்கே உரிய அந்தப் பயணத்தில் ஒரு டுவார்ஃபும் கூடப் போனான் என்று சொல்கிறார்கள். இன்னொரு பின்னிணைப்பில் அதே செய்தியை இன்னும் சில வரிகளில் சொல்லி, கேலாட்ரியலை மறுபடி பார்க்கிற ஆசையில் கிம்லி போயிருக்கலாம், அவள்தான் அவனுக்காக அந்த அனுமதியை வாங்கிக்கொடுத்திருக்கலாம் என்று ஒரு வரி வருகிறது. இதற்கு மேல் சொல்ல முடியாது என்று அங்கேயே நிறுத்திவிடுகிறார்.